தரமணிக் கிணற்றுப் பல்

கச்சேரி ரோடு, மயிலாப்பூர்
9 அக்டோபர் 1932

இனாயத்,

சலாமும் துஆவும் பின்னால் வருகின்றன. முதலில் இதைக் கேள்: இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன்.

உன் கார்டு வெள்ளிக்கிழமை வந்தது. ஜபல்பூர்க் குன்றில் துரை தோண்டுகிறார், ஆள் உயரத்துக்குத் தொடையெலும்பு கிடைத்திருக்கிறது, கல்லாகிப் போன எலும்பு, டினோசார் என்று பெயர், பயங்கரப் பல்லி என்று அர்த்தம் என்றெல்லாம் எழுதியிருந்தாய். எனக்கு ஆச்சரியமே இல்லை. நீ எட்டு வயதில் என் சீப்புப் பட்டறையில் கொம்புத்தூளை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, "யானைக்கு முந்தி யானையைத் தின்கிற பல்லி ஒன்று இருந்திருக்கிறது" என்று சொன்னேனா இல்லையா? உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது.

ஜும்மா முடிந்ததும் டீக்கடையில் உன் கார்டை உரக்கப் படித்தேன். "துரை கண்டெடுப்பதை நான் படம் வரைகிறேன்" என்று நீ எழுதியது சபைக்கு எடுபடாது என்று, "நான் கண்டெடுப்பதைத் துரை பார்க்கிறார்" என்று கொஞ்சம் நேராக்கிப் படித்தேன். வக்கீல் குமாஸ்தா சுப்பராமன் வழக்கம்போல வாசலில் குடையோடு நின்றார். உள்ளே வரமாட்டார், காது மட்டும் உள்ளேதான் இருக்கும். "ஓய் சாயபு, எங்காத்துச் சுவத்துல நாலு பல்லி இருக்கு. உம்ம மருமான் வந்து அதையும் கண்டுபிடிக்கச் சொல்லும்!" என்றார். கடையே சிரித்தது.

எனக்கு வந்ததே கோபம்! "பல்லி உம்முடைய வீட்டில். பல் என்னுடைய வீட்டில்" என்று சொல்லி, நேரே பட்டறைக்குப் போய்ப் பெட்டியிலிருந்த பல்லை எடுத்துவந்து பெஞ்சில் வைத்தேன். என் நடுவிரல் நீளம். கத்திபோல வளைவு. ஓரத்தில் சீப்பு அறுத்த மாதிரி பொடிப்பொடியாகப் பற்கள். பல்லுக்கே பல்! நான் நாற்பது வருஷம் கொம்பு அறுத்தவன், அவ்வளவு நெருக்கமாக என்னால் அறுக்க முடியாது. சுப்பராமன் குடையை மடக்கினார். "எங்கே கிடைச்சுது?" என்றார். "தரமணியில். பனந்தோப்புக் கிணறு தோண்டும்போது என் கண்முன்னால் வந்தது" என்றேன். கடைக்காரர் அன்றைக்கு என் டீக்குக் காசு வாங்கவில்லை.

பல்லைப் பஞ்சில் சுற்றி நாளைக்கே ரிஜிஸ்டர் பார்சலில் அனுப்புகிறேன். துரைக்கு என் சலாம் சொல்லி, மாமா கொடுத்தார் என்று சொல்லிக் கொடு.

அக்கா சுகம். ஆடு குட்டி போட்டது. நீ வேளைக்குச் சாப்பிடு.

துஆவுடன் உன் மாமா,
ஷாஹுல் ஹமீது


ஜபல்பூர் காம்ப்
30 அக்டோபர் 1932

அன்புள்ள மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். நீங்களும் அம்மாவும் நலம் என்று அறிந்து சந்தோஷம்.

பல் உடையாமல் வந்தது. துரை லென்ஸை வைத்துக் கால்மணி நேரம் பார்த்தார். பிறகு கேட்ட ஒரே கேள்வி: "எங்கே?"

நீங்கள் எழுதியதைச் சொன்னேன். நம்பமுடியாமல் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். இது மாமிசம் தின்னும் டினோசாரின் பல். சென்னைக் கடற்கரையோரம் இப்படி ஒன்று கிடைத்ததாக அவர் கேள்விப்பட்டதே இல்லையாம். உண்மையானால் அவருடைய ரிப்போர்ட்டில் தனி அத்தியாயமே எழுத வேண்டும் என்கிறார்.

மாமா, என் வேலை மார்ச் முப்பத்தொன்றோடு முடிகிறது என்பது உங்களுக்குத் தெரியும். இங்கே படம் வரைகிறவர்கள் மூன்று பேர், நிரந்தரமாக்கப்போவது ஒருவரை. "இந்தப் பல்லின் இடம் உறுதியானால் உன் பெயரைத்தான் கல்கத்தா தலைமை ஆபீஸுக்கு எழுதுவேன்" என்று துரை சொன்னார். வேலை நிரந்தரமானால் குவார்ட்டர்ஸ் தருவார்கள். அம்மாவை அழைத்துக்கொள்ளலாம்.

ஆகையால் கீழ்க்கண்டவற்றுக்கு மட்டும் பதில் எழுதுங்கள். யாருடைய கிணறு? எத்தனை அடியில்? மேலே என்ன மண், கீழே என்ன மண்? தோண்டியவர் யார்? கூட வேறு எலும்பு வந்ததா?

அம்மாவுக்கு என் சலாம்.

இனாயத்


மயிலாப்பூர்
14 நவம்பர் 1932

மருமகன் இனாயத்துக்கு,

உன் கடிதம் கண்டு வீடே வெளிச்சமாயிற்று. எல்லோரும் சுகம்.

உன் கேள்விகளுக்கு வருகிறேன். அன்றைக்கு வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். தோட்டக்காரர் எனக்கு நுங்கு வெட்டிக் கொடுத்தார். நாற்பது அடி ஆழத்தில் ரகுபதி என்று ஒரு ஆள் நின்று மண் வெட்டிக்கொண்டிருந்தான். மலை மாதிரி ஆள். திடீரென்று "ஐயோ, கடிச்சிடுச்சு!" என்று அலறினான். எட்டிப் பார்த்தால் கறுப்பு மண்ணில் பல் மட்டும் மின்னுகிறது! அறுபது அடி ஆழத்திலிருந்து அந்த மின்னல் என் கண்ணைக் குத்தியது என்றால் பார்த்துக்கொள். வெள்ளை மணலில் கறுப்புப் பல், அந்த அழகே தனி.

இந்தப் பிராணி என்ன தின்றிருக்கும் என்று டீக்கடையில் ஒரு மணி நேரம் பேசினேன். அடையாற்றில் தண்ணீர் குடித்துவிட்டுக் கொட்டிவாக்கம் கடற்கரையில் படுத்திருக்கும் என்று சொன்னதும், நொச்சிக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவருகிற தேவானை கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள். "அது மீன் துன்னுமா சாயபு?" என்றாள். தின்னும் என்றேன். "அப்ப நல்லவேள, செத்துப் பூட்ச்சு" என்று போய்விட்டாள்.

துரையிடம் சொல், நேரில் வந்தால் நானே வழிகாட்டுகிறேன்.

அக்கா உன் கல்யாணத்தைப் பற்றிப் பேசுகிறாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

ஷாஹுல் ஹமீது


ஜபல்பூர் காம்ப்
27 நவம்பர் 1932

மாமாவுக்கு சலாம். நான் நலம்.

உங்கள் கடிதத்தை மொழிபெயர்த்துத் துரையிடம் கொடுக்கவேண்டியிருந்தது. மொழிபெயர்க்கும்போதே என் காது சூடாகிவிட்டது. ஒரே பாராவில் நாற்பது அடி அறுபது அடியாகிறது. கறுப்பு மண் வெள்ளை மணலாகிறது. துரை இரண்டையும் சிவப்பு மையால் கோடிட்டு என்னைப் பார்த்தார்.

ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். கல்லாகிப்போன எலும்புக்கு அது கிடந்த இடம்தான் உயிர். எந்த ஊர், எந்த அடுக்கு என்று தெரியாவிட்டால் அது மேஜையில் காகிதம் பறக்காமல் வைக்கிற கல். நுங்கு எனக்கு வேண்டாம். அடிக்கணக்குத்தான் வேண்டும்.

இன்னொன்று. பல்லின் அடிப்பாகத்தில் நேராக ஒரு வெட்டு இருக்கிறது. ரம்பம் பட்ட வெட்டு, புதியது என்கிறார் துரை. அறுத்தது யார்? அறுபட்ட மிச்சம் எங்கே?

சென்னைக் கல்லூரி ஒன்றில் மண்ணியல் சொல்லிக்கொடுக்கும் அனந்தராமன் என்பவருக்குத் துரை எழுதியிருக்கிறார். டிசம்பர் பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை உங்களிடம் வருவார். அவருக்கு அந்த ஒரு கிணற்றைக் காட்டுங்கள். காட்டினால் போதும், பேசவேண்டாம்.

அம்மாவுக்கு சலாம்.

இனாயத்


மயிலாப்பூர்
12 டிசம்பர் 1932

மருமகனுக்கு,

வெற்றி! அனந்தராமன் ஐயாவைக் குதிரை வண்டியில் அழைத்துப்போனேன். சுப்பராமனும் ஏறிக்கொண்டார், நான் தடுக்கவில்லை, சாட்சிக்கு ஆகும். தரமணி ஊரே கூடிவிட்டது. ஐயா கிணற்றைப் பார்த்தார், மண்ணை எடுத்தார், நாக்கில்கூட வைத்துப் பார்த்தார். எவ்வளவு பெரிய படிப்பு! போகும்போது என் கையைப் பிடித்து, "உங்களைப்போல ஒருவரை நான் பார்த்ததில்லை" என்றார். உனக்கு வேலை நிச்சயம்.

ரம்ப வெட்டு என்று துரை நினைப்பது வேறொரு பல்லி கடித்த காயமாக இருக்கும். அவரை மறுபடியும் பார்க்கச் சொல்.

குவார்ட்டர்ஸில் எத்தனை அறை என்று அக்கா கேட்கிறாள்.

ஷாஹுல் ஹமீது


வடக்கு மாட வீதி, மயிலாப்பூர்
14 டிசம்பர் 1932

சிரஞ்சீவி இனாயத்துக்கு சுப்பராமன் ஆசீர்வாதம். இவ்விடம் க்ஷேமம்.

இதை எழுதலாமா கூடாதா என்று இரண்டு நாள் யோசித்தேன். வேலை உன்னுடையதாச்சே என்று எழுதுகிறேன்.

உங்க மாமா எங்களுக்கு ஒரு கிணறு காட்டவில்லை. மூணு காட்டினார். முதல் கிணற்றைப் பார்த்துட்டு அனந்தராமன், "இது கட்டி ஐம்பது வருஷம் ஆச்சே" என்றார். உடனே "அது இல்லை, அதுக்கு அந்தாண்டை" என்று இன்னொண்ணு. அதில் பன்னிரண்டு அடியிலேயே தண்ணி. மூணாவதில் நிஜமாவே ரகுபதி என்று ஒருத்தன் ஏற்றம் இறைத்துண்டு இருந்தான். உங்க மாமாவுக்கே ஒரு நிமிஷம் தூக்கிவாரிப் போட்டுவிட்டது. சமாளித்துண்டு, "இவன்தான், இவனேதான்!" என்று கட்டிக்கொண்டார்.

"ரகுபதி, இந்தக் கிணத்துல பல்லு கிடைச்சுதா?" என்று நான் கேட்டேன்.

"பல்லா? இன்னா சாமி வெளாட்றியா? இந்தக் கெணத்துல தண்ணியே இப்பதான் கீது. சாயபு நல்ல மன்சனாத்தான் கீறாரு, ஆனா நா இவர இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றான் அவன்.

அனந்தராமன் நோட்டுப் புஸ்தகத்தை மூடிவிட்டார். மண் புதுசாம், பல்லுக்குண்டான காலம் அதில் இல்லையாம். வண்டியில் யாரும் பேசவில்லை. உங்க மாமாகூடப் பேசவில்லை. அதுதான் எனக்கு பயமாக இருந்தது.

பல் நிஜம் என்று அனந்தராமனும் ஒத்துக்கொள்கிறார். எங்கிருந்தோ வந்திருக்கு. நான் டீக்கடை வாசலில் நின்னு கிண்டல் பண்ணாதிருந்தால் இந்தத் தரமணியே பிறந்திருக்காது. அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

சுப்பராமன்


ஜபல்பூர் காம்ப்
28 டிசம்பர் 1932

மாமாவுக்கு,

சலாம். நலம்.

அனந்தராமன் எழுதிய கடிதத்தைத் துரை என்னையே உரக்கப் படிக்கச் சொன்னார். மற்ற இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். படித்து முடித்ததும், "கடைத்தெருக் கதைகளைக் கொண்டுவருகிற ஆளைச் சிபாரிசு செய்ய எனக்கு வழக்கமில்லை" என்றார். அவ்வளவுதான்.

பல்லை மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டார். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. அதை நான் ஆறு நாள் உட்கார்ந்து வரைந்தேன், மாமா. ஓரத்துப் பொடிப்பற்கள் ஒவ்வொன்றையும் எண்ணி வரைந்தேன். அவ்வளவு நல்ல பல் இந்த காம்பில் வேறு இல்லை. அதற்கு ஊர் இல்லாமல் செய்துவிட்டீர்கள்.

இன்றோ நாளையோ நோன்பு தொடங்குகிறது. இந்த மாதத்திலாவது உள்ளதை எழுதுங்கள். ஊர் தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதுங்கள், அதுவும் ஒரு பதில்தான். அப்படி ஒரு கடிதம் வரும்வரை நான் எழுதமாட்டேன். அம்மாவுக்குத் தனியாகக் கார்டு போடுகிறேன்.

இனாயத்


மயிலாப்பூர்
10 ஜனவரி 1933
(கார்டு)

இனாயத்துக்கு மாமா சலாம். இங்கே நோன்பு நல்லபடியாகப் போகிறது. பனி அதிகம். ஆட்டுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு டீக்கடை வரைக்கும் போய்விட்டது. அக்கா உன் கார்டைத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறாள், என்னிடம் படிக்கக் கொடுக்கவில்லை, அடுத்த வீட்டு சகினாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். விவரம் பின்னால்.

ஷா. ஹ.


மயிலாப்பூர்
22 ஜனவரி 1933

இனாயத்,

அக்கா பதினொரு நாளாக என்னோடு பேசவில்லை. கஞ்சியை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். நேற்று மட்டும், "உன் வாய்க்கு என் பிள்ளையோட சோறா தீனி?" என்று கேட்டாள். ஆகவே எழுதுகிறேன்.

தரமணி இல்லை. நான் தரமணிக்கு அதற்கு முன்னால் போனதே இல்லை.

ராயபுரத்தில் ஷரஃபுதீன் சேட்டின் எலும்புக் கிடங்கு உனக்குத் தெரியும். ஊர் ஊராகச் செத்த மாட்டின் எலும்பும் கொம்பும் சாக்குச் சாக்காக ரயிலில் வந்து இறங்கும். பொத்தானுக்கும் கத்திப்பிடிக்கும் ஆகிறதை நான் பொறுக்கி வாங்குவேன். கிடங்கில் எல்லோருக்கும் ஒரு பெருமை, ஷாஹுல் ஹமீது கண்ணை மூடிக்கொண்டு தடவியே எருமையா பசுவா சொல்வார் என்று. போன வருஷம் வாங்கின சாக்கில் அடியில் ஒரு தாடை கிடந்தது. கனமாக இருந்தது. நல்ல முற்றின எலும்பு என்று நினைத்தேன், இனாயத். பிடியில் மாட்டி ரம்பத்தைப் போட்டேன். ரம்பம் பல் பல்லாகத் தெறித்தது. வேறு ரம்பம் போட்டேன். மூன்றாவது ரம்பமும் உடைந்தபோதுதான் துண்டு விழுந்தது, அதில் அந்தப் பல். அப்புறம்தான் அது கல் என்று எனக்கு உறைத்தது.

கல்லுக்கும் எலும்புக்கும் வித்தியாசம் தெரியாமல் மூன்று ரம்பத்தை உடைத்தவன் என்று சுப்பராமன் முன்னால் எப்படிச் சொல்வேன்? அதனால்தான் கிணறு தோண்டினேன்.

மிச்சத் தாடை என்னிடம்தான் இருக்கிறது. இன்னும் இரண்டு பல் அதில் பாதி மறைந்து நிற்கிறது. வைக்கோல் திணித்துப் பெட்டியில் அடித்து நாளைக்கு ரயில் பார்சலில் அனுப்புகிறேன். வெட்டு பொருந்துகிறதா என்று துரையை வைத்துப் பார்க்கச் சொல்.

எந்த ஊர் என்று கேட்டாய். சாக்கில் மையால் எழுதியிருந்தது: சிம்ரியா. உங்கள் பக்கத்து ஊர்தானாம், சேட்டும் சொன்னார்.

இந்தக் கடிதத்தில் நுங்கு இல்லை, பார்த்தாயா.

மாமா


ஜபல்பூர் காம்ப்
5 மார்ச் 1933

அன்புள்ள மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் மிக்க நலம். பெருநாள் வாழ்த்துக்குப் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். காரணத்தைக் கேட்டால் நீங்களே மன்னிப்பீர்கள்.

தாடை வந்த அன்று துரை இழுப்பறையைத் திறந்து பல்லை எடுத்து வெட்டோடு வெட்டு வைத்தார். ஒரு நூல் இடைவெளி இல்லை. உங்கள் கடிதத்தை மொழிபெயர்த்தேன். மூன்று ரம்பம் என்ற இடத்தில் அவர் சிரித்ததை நான் இதுவரை பார்த்ததில்லை. "இப்படித் தன் முட்டாள்தனத்தை எழுதுகிறவன் பொய் சொல்லமாட்டான்" என்றார்.

மறுநாளே சிம்ரியாவுக்குப் போனோம். பதினேழு நாள் தோண்டினோம். பதினான்காம் நாள் ஓடைக்கரையில் ஒரு முதுகெலும்புத் துண்டு, அடுத்து இரண்டு விலா! சிம்ரியாவில் எலும்பு உண்டு என்று யாருக்குமே தெரியாது, மாமா. நீங்கள் சொல்லித்தான் தெரிந்தது.

என் வேலை ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நிரந்தரம். குவார்ட்டர்ஸில் இரண்டு அறை, அம்மாவிடம் சொல்லுங்கள்.

தாடைக்குச் சீட்டு எழுதி ஒட்டியாகிவிட்டது. ஊர்: சிம்ரியா. கண்டெடுத்துக் கொடுத்தவர்: ஷாஹுல் ஹமீது, மயிலாப்பூர். சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். ரிப்போர்ட் இந்த மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது. உங்கள் பெயரைச் சீமையில் படிப்பார்கள்.

டிசம்பரில் நான் எழுதிய கடிதத்தை மறந்துவிடுங்கள். அப்படி எழுதியிருக்கக் கூடாது.

உங்கள் இனாயத்


மயிலாப்பூர்
12 மார்ச் 1933

அருமை மருமகன் இனாயத்துக்கு,

உனக்கும் உன் துரைக்கும் என் சலாம். இங்கே எல்லோரும் சுகம் என்பதைவிட மேலே. அக்கா தெருவுக்கே பாயசம் கொடுத்தாள். என் கிண்ணத்தில் முந்திரி அதிகம் போட்டாள்.

உன் கடிதத்தை டீக்கடையில் நான் படிக்கவில்லை. சுப்பராமன் வாங்கி வாசலில் நின்றே படித்தார், ஒரு எழுத்தை நேராக்காமல். "கண்டெடுத்துக் கொடுத்தவர் ஷாஹுல் ஹமீது, மயிலாப்பூர்" என்ற இடத்தில் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "ஓய், நம்ம ஊர்ப் பேரும் சேர்ந்து வந்துடுத்தே" என்றார். தேவானை கூடை நிறைய மீன் வைத்துக்கொண்டு, "பல்லி சாயபு" என்று தெரு முனையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். ரோட்டில் நான் நடந்தால் சலாம் வைக்காத ஆளில்லை. இதற்காக ஐம்பத்தாறு வருஷம் வாயால் உழைத்தவன் நான். வந்துவிட்டது. பொய் சொல்லாமலே வந்துவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள்.

இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் சீப்புக்குப் பல் அறுக்கும்போது கை நின்றுவிட்டது. சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன் என்று எழுதியிருக்கிறாய். என் பெயர் சீமைக்குப் போவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. உன் கையெழுத்து அதன் கீழே போகிறதே, அதுதான்.

தாடை நிஜம். சாக்கு நிஜம். ரம்பம் மூன்றும் நிஜம், உடைந்ததை வேண்டுமானாலும் அனுப்புகிறேன். சேட்டின் கிடங்குக்கு நேற்று மறுபடியும் போய்ப் பழைய ரயில் ரசீதுகளைப் புரட்டச் சொன்னேன். அந்த மாதம் உங்கள் பக்கத்துப் பதினொரு ஸ்டேஷன்களிலிருந்து சாக்கு வந்திருக்கிறது. பெயர்களை சுப்பராமன் கையால் எழுதி வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். எதற்கு என்று அவர் கேட்டார், சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லிவிடுவேன். அச்சுக்குப் போகிறதற்கு முன்னால் துரையிடம் இதைக் கொடு. விலாவும் முதுகெலும்பும் சிம்ரியாவில் கிடைத்தது உன் கஷ்டம், உன் அதிர்ஷ்டம், அது யாரும் கிடங்கில் வாங்கினது இல்லை. அதை அவர் உன் பெயரில் வைத்துக்கொள்ளட்டும். தாடையின் சீட்டில் ஊரை அடித்துவிடச் சொல். என் பெயரை அடித்தாலும் சரி. உன் வேலையை அடிக்கவேண்டாம் என்று இந்த மயிலாப்பூர் ஷாஹுல் ஹமீது கேட்டுக்கொள்வதாகச் சொல். அவர் கோபித்தால் இந்தக் கடிதத்தையே காட்டு, உனக்கு ஒன்றும் தெரியாது என்பதற்கு இதுதான் சாட்சி.

தெரியாது என்பதும் ஒரு பதில்தான் என்று நீ எழுதினாய். அந்த ஒரு வார்த்தை என் வாயில் வந்த வழக்கமே இல்லை, என்ன செய்ய. சாக்கை நான் அப்போதே கிழித்துப் பட்டறைத் தரை துடைக்கப் போட்டுவிட்டேன், இனாயத். அதில் என்ன எழுதியிருந்தது என்று பார்க்கவே இல்லை. சிம்ரியா என்பது சேட் வரிசையாகச் சொன்ன பெயர்களில் சொல்ல நன்றாக இருந்ததால் நான் எழுதியது.

உன் மாமா